ஆரோக்கியமான அண்ணன்

தம்பி நோயாளி என்பது தெருவே அறிந்த விஷயம். தான் நோயாளி இல்லை என்பதைத்தான் இதுவரை எவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் கிரேன்காரர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்கப் போனார். மனித குலத்துக்கு உதவும் எண்ணமெல்லாம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நாலு மைல் நடப்பார். நடக்கும் வழியில் தம்பியின் தையல் கடை இருக்கிறது. அந்த இடம் வந்ததும் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் தள்ளிக்கொள்ளும், கைகள் வீசும், தொண்டையை ஒரு தடவை செருமுவார். அந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான் மனுஷன் நாலு மைலும் நடக்கிறார் என்று அவர் மனைவியே சொல்வாள்.

தம்பி அண்ணனைவிட நாலு வயது சின்னவர். தையல்காரர். இருபது வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் இடது காலின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட காலோடு அவர் கடைப் படியேறிய அன்று கிரேன்காரர் தெருவில் நின்று, போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி சொன்னார்: "இன்னிக்கு விரல், நாளைக்குக் கால். மாத்திரையை மூணு வேளை முழுங்கினா இப்படித்தான் ஆகும்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பகை பன்னிரண்டு வருடப் பழசு. அவர்கள் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. காலில் புண் வந்தபோது அப்பா மூத்த மகன் வீட்டில் இருந்தார். மூத்தவருக்கு டாக்டர் என்றாலே ஆகாது. களிம்பு போட்டார், பத்தியம் வைத்தார், நாலு மாதம் வீட்டிலேயே போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். தம்பி கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் அப்பா போய்விட்டார். "நீ கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டே" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதுதான். அதற்குப் பிறகு இருவருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது.

இந்த நிலைமையில்தான் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஆள் வந்தது. முதுமையை ஆராய்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஜோடிகள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரில் ஒருவருக்கு முதுமையில் வரும் நோய் ஏதாவது இருக்க வேண்டும், இன்னொருவர் நன்றாக இருக்க வேண்டும். தம்பியின் டாக்டர் வழியாகத் தம்பியைப் பிடித்தார்கள். தம்பி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு அண்ணன் விலாசத்தையும் கொடுத்துவிட்டார். அண்ணனோ, "என்னை எந்தப் பக்கம் சேர்ப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆரோக்கியமானவர் பக்கம் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் நாள் நுழைவுச் சோதனை நடந்தது. நெஞ்சு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். "இந்த வயசுல இப்படி இருக்கறது அபூர்வம் ஐயா," என்றாள் நர்ஸ். அவருக்குத் தலைகால் புரியவில்லை. 'ஆரோக்கியமான உடன்பிறப்பு, ஜோடி எண் 17' என்று அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் எழுத்து வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார்.

தம்பிக்கும் ஒரு அட்டை கிடைத்தது. அவர் அதை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டார். அவர் முகத்தில் என்னவோ ஏமாற்றம் தெரிந்தது. பொறாமை என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். வேறென்னவாக இருக்கப் போகிறது?

ரத்தம் எடுக்க இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அண்ணன் சன்னலைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார். நடுவில் நர்ஸ் காகிதத்தோடு மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் வளர்ந்தீங்களா?"

"அவனைக் கேளுங்க. அவனுக்கு வீடு ஞாபகம் இருக்கான்னு."

"அவர்கிட்ட சொல்லுங்க, ஞாபகம் இருக்கு, அவரை மாதிரி அப்பாவைப் பூட்டி வெச்சுக்கலைன்னு."

"அப்பா எதனால இறந்தார்?"

"கொலை," என்றார் கிரேன்காரர். "செஞ்ச ஆளு இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்கான். எழுதிக்கோங்க."

நர்ஸ் பேனாவை மூடிவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள். பாவம், அவள் படித்த படிப்பில் இது வரவில்லை.

டாக்டரம்மா கறாரான ஆள். சிரிப்பு என்பது அவளுக்குச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய பொருள். சண்டையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று விளக்க ஆரம்பித்தாள்.

"உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன எஞ்சின் நிறைய இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. சாப்பாட்டை எரிச்சு சக்தி எடுக்கறது அதுதான். அந்த எஞ்சின் திணறினா, செல்லு ரத்தத்துக்குள்ள ஒரு புரதத்தை விடும். ஜி.டி.எஃப். பதினஞ்சுன்னு சொல்றது. அதை நாங்க அளந்து பார்ப்போம்."

"ஓவர்லோடு மணி," என்றார் கிரேன்காரர்.

"என்னது?"

"தாங்கற அளவுக்கு மேல எடையைத் தூக்கினா கிரேன் கேபின்ல மணி அடிக்கும்மா. அது மாதிரி."

"அப்படியே வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. வயசானா எல்லாருக்குமே இந்த மணி கொஞ்சம் அடிக்கும். நோயே இல்லாதவங்களுக்கும் அடிக்கும். இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை இருக்கறவங்களுக்கு இன்னும் பலமா அடிக்கும். இதுல வயசு எவ்வளவு, நோய் எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கத்தான் அண்ணன் தம்பியா வேணும்."

"என்னோடது அடிக்காது," என்றார் அண்ணன் சன்னலைப் பார்த்து. "பக்கத்து நாற்காலில காது செவிடாப் போற அளவுக்கு அடிக்கும். எழுதி வெச்சுக்கோங்க."

ஊசி போட்டு, ஆளுக்கு நாலு குழாய் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். திரும்பவும் ரத்தம் வேண்டும் என்றார்கள். கிரேன்காரர் ஏன் என்று கேட்டார். நர்ஸ் மென்று விழுங்கினாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தார். கடைசியில் டாக்டரம்மாவே வந்து சொன்னாள்.

"உங்க அளவு ரெண்டாயிரத்து அறுநூறு. உங்க வயசுல நல்லா இருக்கறவருக்கு ஆயிரத்தை ஒட்டி இருக்கணும். தம்பிக்கு ஆயிரத்து ஐநூறு. அவருக்கு இதைவிட அதிகமா இருக்கும்னு எதிர்பார்த்தோம். குழாய்ல பேர் மாறி ஒட்டியிருக்கலாம்னு சந்தேகம்."

கிரேன்காரர் எழுந்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.

"என் பேரை அவன் ரத்தத்துல ஒட்டினீங்களா? எத்தனை பேருகிட்ட காட்டினீங்க அதை? எங்கயாவது எழுதிட்டீங்களா? முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினேன், ஒரு பெட்டியை மாத்தி இறக்கினது கிடையாது. உங்களுக்கு ரெண்டு குழாய், ரெண்டே ரெண்டு குழாய் பார்த்து ஒட்டத் தெரியலையா?"

நர்ஸின் கண் கலங்கியது. தம்பி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "அந்தப் பொண்ணை எதுக்குத் திட்டறார்னு கேளுங்க," என்றார். யாரும் கேட்கவில்லை. அண்ணன் போட்ட சத்தத்தில் கேட்கவும் முடியாது.

இந்தத் தடவை டாக்டரம்மாவே ஊசி பிடித்தாள். குழாயில் அவர் கண் முன்னாலேயே பேரை எழுதினாள், அவரையே வாசிக்கச் சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். தம்பியின் குழாயையும் வாங்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வந்த எண்கள் அதேதான்.

அதற்கப்புறம் பத்து நாள் அவரை உருட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். இதயத்தைப் படம் எடுத்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், வயிற்றுக்குள் கட்டி ஏதாவது இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்தாலும் அந்தப் புரதம் ஏறுமாம். கிரேன்காரர் வெளியில் எகிறினார், உள்ளுக்குள் பயந்தார். பயந்தேபோனார். மனைவியிடம், "எனக்கு ஏதாவது ஆனா அவனை வாசப்படி மிதிக்க விடாதே," என்று சொல்லி வைத்தார். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வரும்போது நீங்க ரெண்டு பேரும் சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. எல்லாம்னா எல்லாம்," என்றாள் டாக்டரம்மா.

"நான் மாத்திரை சாப்பிடறவன் இல்லையே!"

"படிவத்துல சத்து மாத்திரைன்னு எழுதியிருக்கீங்க."

"அது மாத்திரைல சேர்த்தியா? சத்து. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வீட்டுக்காரி குடுப்பா."

"அதையும்தான்."

மறுநாள் அந்த டப்பாவைச் சமையலறை அலமாரியிலிருந்து அவரே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் அந்த நேரத்தில் குளிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

தம்பி ஒரு துணிப்பை நிறைய அட்டை அட்டையாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டியிருந்தார். அண்ணன் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுத் தன் ஒற்றை டப்பாவைத் தட்டென்று வைத்தார். டப்பாவின் மேல் ஒரு ஆள் வலது கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ் மூடியைத் திறந்து உள்ளங்கையில் இரண்டைத் தட்டினாள். நீளவாக்கில் வெள்ளை மாத்திரை. நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் ஐந்நூறு என்று எண். அவள் அதையே பார்த்தாள். பிறகு தம்பியின் குவியலிலிருந்து ஒரு அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்றும் ஒன்றுதான்.

"ஐயா," என்றாள் நர்ஸ் மெதுவாக, "இது சத்து மாத்திரை இல்லை. மெட்ஃபார்மின். சர்க்கரை மாத்திரை."

கிரேன்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த மாத்திரை சாப்பிட்டா அந்தப் புரதம் ஏறும். நோயே இல்லாம மாத்திரையாலேயே ஏறும். உங்க சர்க்கரை சரியா இருந்ததுக்கும் இதுதான் காரணம், மணி அடிச்சதுக்கும் இதுதான் காரணம். நீங்க எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாலயே நோயாளி. எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

அவர் காதில் அது விழவில்லை. அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீயாடா?"

"ஆமா," என்றார் தம்பி. "நான்தான் குடுத்தேன். மூணு வருஷமா."

"விஷம் வெச்சியா எனக்கு?"

"விஷம் வெச்சிருந்தா மூணு வருஷம் ஆகுமா? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

கிரேன்காரர் பாய்ந்தார். நர்ஸ் நடுவில் விழுந்து தடுத்தாள். மேசை சாய்ந்து மாத்திரையெல்லாம் தரையில் ஓடியது. டாக்டரம்மா போட்ட ஒரு அதட்டலில் இரண்டு கிழவர்களும் அடங்கினார்கள். அவளுக்குக் கோபம் வேறு பக்கம் இருந்தது. அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இலவச மருந்தகத்துல ஒரு நாளைக்கு மூணு எழுதிக் குடுத்திருக்காங்க. எண்ணித்தான் தருவாங்க. அண்ணனுக்குக் குடுக்க எங்கிருந்து வந்தது?"

தம்பி குனிந்து தரையில் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"மூணுல ரெண்டை அவருக்குக் குடுத்துட்டு ஒண்ணைத்தான் நீங்க சாப்பிட்டிருக்கீங்க. அப்படித்தானே? அதான் உங்க எண்ணும் இறங்கிக் கிடக்கு. மூணு வருஷம் சர்க்கரையை அவிழ்த்து விட்டுட்டு, விரல் ஏன் போச்சுன்னு கேட்டா? இதனாலதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேர் ரத்தமும் இனிமே எனக்குக் குப்பை. ரெண்டு மாச வேலை குப்பை. அட்டையை வெச்சுட்டுப் போங்க ரெண்டு பேரும். போய் ஒழுங்கா உங்க டாக்டரைப் பாருங்க."

கிரேன்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

வீட்டில் மனைவி அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் காலி டப்பாவை அவள் காலடியில் வீசினார். அவள் டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"எத்தனை வருஷம் என்னை ஏமாத்தின?"

"ஓய்வு பெற்றவங்க சங்கத்துல இலவசமா சோதனை பண்ணாங்களே, அன்னியிலேர்ந்து. சர்க்கரை இருநூத்துத் தொண்ணூறுன்னு சீட்டு குடுத்தாங்க. நீங்க மெஷின் பழுதுன்னு கிழிச்சுப் போட்டீங்க. மறுபடி பார்க்கலாம்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். என்னைத் திட்டினீங்க. கிழிச்ச துண்டைப் பொறுக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்ச சர்க்கரைக்காரர் ஒருத்தர்தான்."

"அவன்கிட்டயா போன?"

"வேற யார்கிட்ட போறது? உங்க கிரேன்கிட்டயா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா முழுங்கியிருப்பீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. நாற்பத்தைந்து வருடத்தில் அவர் கேட்டிராத உயரம். "உங்க அப்பாவுக்கு நாலு மாசம் புண்ணு துடைச்சது யாரு? நீங்களா? நான். அந்த வாடை இன்னும் என் மூக்குல இருக்கு. இன்னொரு தடவை என்னால முடியாது. அதான் ஏமாத்தினேன். இப்பவும் ஏமாத்துவேன். கோபம் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

அவர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அவனுக்கு எழுதிக் குடுத்ததே மூணுதானாம்," என்றார். "ரெண்டை எனக்குக் குடுத்திருக்கான்."

அவள் முகம் வெளுத்தது. "தனக்கு மிச்சம் வருது அண்ணின்னுதானே சொன்னார்," என்றாள். "மிச்சம் வருதுன்னுதான் சொன்னார்." பாதி இஸ்திரி போட்ட சட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அவருக்காக அழவில்லை என்பது அவருக்கே புரிந்தது.

அன்று மாலை நாலு மணிக்குக் கிரேன்காரர் தம்பியின் கடைப் படியேறினார். பன்னிரண்டு வருடமாக வெளியிலிருந்து பார்த்த கடை. உள்ளே அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது. தம்பி ஒரு பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிரிப்பதைத் தொடர்ந்தார்.

"எதுக்குடா குடுத்த?" என்றார் அண்ணன். "பாசம்னு மட்டும் சொன்னே, இங்கயே அறைஞ்சிடுவேன்."

"பாசமா? உன் மேலயா?" தம்பி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "தினமும் காலையில நெஞ்சைத் தூக்கிட்டு இந்த வழியாப் போவியே, அதைப் பார்க்கறதுக்குத்தான். என் மாத்திரைல நடந்து, என் கடை முன்னாலயே வந்து, என்னையே கேலி பண்ணிட்டுப் போவே. மாத்திரைதான் நோய்னு சொன்ன வாய்க்குள்ள தினம் ரெண்டு வேளை மாத்திரை போகுதுன்னு நினைச்சா எனக்கு அன்னிக்குப் பூரா வேலை ஓடும். உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு அண்ணிக்கு வாக்குக் குடுத்துட்டேன். இல்லேன்னா தெரு முழுக்க அச்சடிச்சு ஒட்டியிருப்பேன். அந்த ஆராய்ச்சிக்குச் சம்மதிச்சதே நீ மாட்டிப்பேன்னுதான். முதல் நாளே சுத்தம்னு அட்டை குடுத்துட்டாங்க. பத்திக்கிட்டு எரிஞ்சுது எனக்கு."

"அதுக்கு ஒரு விரலாடா?"

தம்பி கத்தரியை எடுத்து உள்துணியில் ஓட்டினார்.

"ஒண்ணு போதும்னு நினைச்சேன்," என்றார் பிறகு. "தப்பு. அவ்வளவுதான். அதைப் பத்தி நீ பேசாதே."

கிரேன்காரர் வாடிக்கையாளர்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். பத்து நாளாக இதயம், சிறுநீரகம் என்று பயந்தவருக்கு இப்போது வந்திருப்பது அந்த வகைப் பயமே இல்லை. அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே நோய். அவருக்கு மூன்று வருடம் மாத்திரை கிடைத்தது, நாலு மைல் நடந்தார். அப்பாவுக்கு என்ன கிடைத்தது? களிம்பு. அதைக் கொடுத்தவர் யார் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பாவுக்கு முதல்லயே வைத்தியம் பார்த்திருந்தா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத் தம்பி பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். பதிலும் கையிலேயே இருந்தது.

"காலோட இருந்திருப்பார். இன்னும் அஞ்சாறு வருஷம் இந்தப் பலகைல உட்கார்ந்து என் தையலைக் குறை சொல்லிட்டு இருந்திருப்பார்."

அதைச் சொன்னதில் தம்பிக்கு ஒரு சந்தோஷமும் வந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்தார்.

"அவரே கேட்டார்டா," என்றார்.

"யாரு?"

"அப்பா. ரெண்டு தடவை கேட்டார். 'சின்னவனைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னு. நான் உனக்குச் சொல்லலை." அவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். "அவன் வர மாட்டேங்கறான்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். கடையை விட்டு வர முடியாதாம்னு சொல்லிட்டேன்."

கத்தரி நின்றது.

"அதான்," என்றார் தம்பி. குரல் எங்கேயோ உள்ளிருந்து வந்தது. "வார்டுல என்னைப் பார்த்து, 'இப்பதான் உனக்குக் கடையை மூட மனசு வந்துதா'ன்னு கேட்டார். கடைசி வரைக்கும் என் பக்கம் திரும்பியே படுக்கலை. காலை எடுக்கச் சொன்ன கோபம்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்."

கிரேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இறங்கு," என்றார் தம்பி.

"டேய்..."

"கடையை விட்டு இறங்கு. இனிமே உனக்கு என் மாத்திரை ஒண்ணுகூடக் கிடையாது. மூணையும் நானே முழுங்கப் போறேன். நீ போனதுக்கப்புறம் ஒரு நாளாவது நான் உயிரோட இருக்கணும். உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை ஊருக்குச் சொல்ல ஒரு நாள் வேணும் எனக்கு."

கிரேன்காரர் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "மூணையும் சாப்பிடு," என்றார். "விட்டுடாதே."

தம்பி எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

இலவச மருந்தகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும். கிரேன்காரர் நேராக அங்கே போனார். புதுச் சர்க்கரை நோயாளிகளுக்கு எந்த வரிசை என்று கேட்டார். துறைமுகத்தில் அவர்கூட வேலை பார்த்த இரண்டு பேர் அங்கே நின்று அவரையே வெறித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார்.